கடல்மேல் நின்ற வெளிச்சமும் சிவக்கொழுந்தும்

தொண்டைமானாற்றில் சிவக்கொழுந்தைத் தெரியாதவர்கள் இருந்ததில்லை. அவளைப் பற்றிக் கதைக்கிறவர்கள்தான் இருந்ததில்லை. விடியற்காலையில் கடலுக்குப் புறப்படுகிறவன் ஒழுங்கையில் அவள் எதிரே வருவதைக் கண்டால், சாரத்தை அவிழ்த்துக் கட்டுகிற சாட்டில் வேலிப்பக்கம் திரும்பி நிற்பான். அவள் கடந்து போனபிறகு கடற்கரைக்கு இறங்குவான். அப்படி அவள் யாருக்கு என்ன கெடுதல் செய்தாள் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை. ஒரு சொல் சொன்னாள். அதையும் ஊரே கூடி நின்றுதான் அவளைச் சொல்ல வைத்தது. எனக்கு இந்த விஷயத்தில் கோபம் உண்டு. அதை ஒளித்துக்கொண்டு எழுதுகிற உத்தேசம் இல்லை.

என்னிலும் மிக மூத்த ஒரு மனுஷியை ‘அவள்’ என்று எழுதுவதைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கதை நடந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். என் மகளைவிடச் சின்னவள்.

கடலோடிக் குடும்பத்தில் பிறந்து கடலோடிக்கே வாழ்க்கைப்பட்டவள். புருஷன் முருகேசு ஒரு சிறு தோணிக்குத் தண்டையல். அதாவது அந்தத் தோணியை ஓட்டுவதும் ஆட்களை நடத்துவதும் அவன் பொறுப்பு. புகையிலையும் பனங்கட்டியும் ஏற்றிக்கொண்டு கோடிக்கரைக்கோ நாகபட்டினத்துக்கோ போய், அரிசியோ ஓடோ ஏற்றிக்கொண்டு திரும்புவான். வரும்போதெல்லாம் மனைவிக்கு ஒரு கோர்வை கண்ணாடி வளையல் கொண்டு வருவான். அடுத்த பயணத்துக்குள் அவள் அவனோடு சண்டை பிடித்து, கையைத் தரையில் அடித்து, பாதியை உடைத்துவிடுவாள். உரத்துச் சிரிக்கிறவள். அவள் சிரித்தால் மூன்று வளவுக்குக் கேட்குமாம். மாமியார் தங்கமுத்து பகல் முழுக்க மருமகளோடு வாய் காட்டிவிட்டு, பொழுதுபட அவளை முன்னால் இருத்திப் பேன் பார்த்துத் தலை இழுத்துவிடுவாள். அது சந்தோஷமான வீடுதான்.

கடலோடி வீடுகளில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆண் கடலில் இருக்கும்போது ‘வரவில்லை’ என்ற சொல்லை வீட்டில் யாரும் வாயில் எடுக்கக்கூடாது. ‘பிந்திப்போச்சு’ என்பதும் ஆகாது. யாராவது கேட்டால் ‘வந்துகொண்டிருக்கிறார்’ என்று சொல்ல வேண்டும். ஒரு நாள் ஆனாலும் அதுதான் பதில், ஒரு மாதம் ஆனாலும் அதுதான் பதில். சோறு வடிக்கும்போது அவனுக்கும் சேர்த்து ஒரு பிடி அரிசி போட வேண்டும். காற்று விழுந்தால் தோணி நடுக்கடலில் படுத்துவிடும். கிழமைக்கணக்கில் பிந்தி வந்தவர்கள் எத்தனையோ பேர். அதற்கிடையில் பெண்சாதி வாய்தவறி ஒன்றைச் சொல்லிவிட்டால், கடலுக்குக் காது உண்டு, அது பிடித்துக்கொள்ளும் என்று நம்பினார்கள். அதைப் பிழை என்று சொல்ல நான் யார்? வீட்டில் குந்தியிருக்கிற பெண்ணுக்குச் செய்வதற்கு வேறு என்ன இருந்தது?

இரண்டாவது சண்டைக்காலம். யப்பான்காரன் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. காங்கேசன்துறைப் பக்கம் ஒரு பட்டாளம் வந்து இறங்கியிருந்தது. கரையில் விளக்குக் காட்டக்கூடாது. கடலிலோ ஆகாயத்திலோ புதிதாக எதைக் கண்டாலும் உடனே அறிவிக்க வேண்டும். அக்கரைக்குப் போவதென்றால் பாஸ் எடுக்க வேண்டும். பங்குனி மாதத்தில் முருகேசு பாஸ் எடுத்துக்கொண்டு போனான். அவனோடு போன இரண்டு பேரும் கோடிக்கரைப் பக்கத்து ஆட்கள். அவர்களுடைய பெண்டுகள் அக்கரையில் காத்திருந்தார்கள். போனவன் திரும்ப வேண்டிய நாள் கடந்தது. காற்று அடியோடு விழுந்து கடல் எண்ணெய்போலக் கிடந்தது.

“உன்ரை அப்பன் செத்த வருசமும் இப்பிடித்தான் காத்து விழுந்தது, உன்ரை மாமா ஒரு கிழமை கழிச்சு வந்து சேந்தவர். வந்துகொண்டிருப்பான்,” என்றாள் தங்கமுத்து.

“ஓம் மாமி, வந்துகொண்டிருப்பார்,” என்றாள் சிவக்கொழுந்து. ஆனாலும் பொழுதுபடுகிற நேரமெல்லாம் அவளுடைய கால் கடற்கரைக்குத்தான் போயிற்று.

அப்படி ஒரு நாள் நின்றபோதுதான் முதலில் அந்த வெளிச்சத்தைக் கண்டாள். சூரியன் விழுந்து சற்று நேரம். வடக்கே, கடலும் வானமும் சேருகிற கோட்டுக்குச் சற்று மேலே, ஒன்றையும் தொடாமல், சிவப்பாக ஒன்று நின்றது. நட்சத்திரம் அல்ல, அதைவிடப் பெரிது. நீண்டது, குறுகியது, இரண்டாகப் பிரிந்து ஒன்றின்மேல் ஒன்றாக நின்றது, மறுபடி ஒன்றாயிற்று. சத்தம் இல்லை. பின்பு ஊதி அணைத்ததுபோல இல்லாமல் போயிற்று.

அவள் கூப்பிட்டுக் காட்டியதில் கரையில் நின்றவர்கள் எல்லாரும் கண்டார்கள். மறுநாள் ஊர் முழுக்கக் கடற்கரையில். வெளிச்சம் மறுபடி வந்தது, அதே திசையில். ஒருவர் யப்பான்காரன் என்றார். அவரை யாரும் மதிக்கவில்லை. பக்கத்தில் செல்வச்சந்நிதி முருகன் இருக்கிறான். அவன் கையில் இருப்பது வேல். நின்றது சிவப்பாய், நீளமாய். இதற்குமேல் என்ன வேண்டும்? மூன்றாம் நாள் அயலூர்களிலிருந்தெல்லாம் சனம் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டது. கரை நெடுகக் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்தார்கள். தெய்வம் நிற்கிற கடலில் வலை போடுவதா என்று வள்ளங்களை எல்லாம் மேலே இழுத்துக் கட்டிவிட்டு விரதம் பிடித்தார்கள்.

சிவக்கொழுந்துக்கு அந்த மூன்று நாளும் மனம் நிறைந்திருந்தது. சந்நிதியான் தன் புருஷனுக்காகவே விளக்குப் பிடிக்கிறான் என்று நினைத்தாள். மூன்றாம் நாள் வெளிச்சம் சின்னதாகத்தான் இருந்தது. தலையில் கைகூப்பி, அது அணையும்வரை நின்று கும்பிட்டாள். நாலாம் நாள் அது வரவில்லை.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் லூர்த்தம்மா. மயிலிட்டியிலிருந்து வந்து மீன் வாங்கிப் பனையோலைக் கடகத்தில் சுமந்து விற்கிறவர். சிவக்கொழுந்து மனம்விட்டுக் கதைத்த ஒரே ஆள் அவர்தான். வேதக்காரி, அதாவது கிறிஸ்தவர் என்பதால் எங்கள் ஊர்க் கட்டுப்பாடுகள் அவர் நாக்கைக் கட்டவில்லை.

அரசாங்கம் வைத்த ஊர்த்தலைவரான விதானையார் ஆழ்வாப்பிள்ளை சட்டத்துக்குப் பயந்த மனிதர். தெய்வக் காரியம் என்று அவரும் கும்பிட்டார். ஆனால் கும்பிட்ட கையோடு காங்கேசன்துறைக்குப் போய் அறிவித்தும் விட்டார். இரண்டு பக்கமும் பகைக்காமல் இருப்பதுதான் அவர் உத்தியோகம். உடனே பட்டாளம் விசாரணைக்கு வந்தது. ஒரு வெள்ளைக்காரத் துரை, துவக்கோடு நாலு சிப்பாய்கள், மொழிபெயர்க்க மானிப்பாயைச் சேர்ந்த அருட்பிரகாசம் என்ற படித்த மனிதர். கோவில் வீதியிலிருந்த மடத்தில் கதிரை போட்டு, வெளிச்சத்தைக் கண்டவர்களை எல்லாம் கூப்பிட்டு இருத்தினார்கள். வந்த கையோடு ஒரு கட்டளையும் போட்டார்கள்: விசாரணை முடியும்வரை இந்தக் கரையிலிருந்து ஒரு வள்ளமும் கடலில் இறங்கக்கூடாது.

துரை பொல்லாதவன் இல்லை. பொறுமையாகத்தான் கேட்டான். என்ன நிறம், எவ்வளவு பெரிது, பறந்ததா, சத்தம் வந்ததா, கீழே எதையாவது போட்டதா? எங்கள் சனம் சொன்ன பதிலைக் கேட்டால் அவனுக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும். ஒருவருக்கு அது பனங்காய் அளவு. இன்னொருவருக்குச் சந்நிதித் தேர் அளவு. வீட்டைவிட்டே வெளிக்கிடாத ஒருவர் அதில் ஆறு முகமும் கண்டேன் என்று சத்தியம் செய்தார். கடைசியில் துரை எல்லாரையும் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், கையை நீட்டிப் பிடித்து, கடல்கோட்டிலிருந்து எத்தனை விரல் உயரத்தில் நின்றது என்று காட்டச் சொன்னான். சிவக்கொழுந்து தயங்காமல் காட்டினாள். திரும்பக் கேட்டபோதும் அதே திசை, அதே உயரம். முதல் நாள் பெரிது, மூன்றாம் நாள் சின்னது, பொழுதுபட்ட கையோடு வரும், கொஞ்ச நேரம்தான் நிற்கும். துரைக்குத் திருப்தி. உன்னைப்போல ஒரு சாட்சி போதும் என்று சொல்லச் சொன்னான். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பிறகு துரை, எழும்புகிற நேரத்தில், இன்னொன்றும் கேட்கச் சொன்னான். இந்தக் கரையிலிருந்து போன தோணியோ வள்ளமோ ஏதாவது காணாமல் போயிருக்கிறதா?

அருட்பிரகாசம் வாயைத் திறந்தவர் நிறுத்தினார். எதிரே சிவக்கொழுந்து நின்றாள். நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி, கை நிறைய வளையல். ஒரு சுமங்கலியின் முகத்துக்கு முன்னால் எப்படி அந்தக் கேள்வியைக் கேட்பது? மானிப்பாய் கடற்கரை ஊர் இல்லைத்தான். ஆனால் இது எந்த ஊர் மனிதருக்கும் தெரியும். அவர் கேள்வியைச் சற்று மெத்தென்று ஆக்கிக் கேட்டார்.

“இஞ்சையிருந்து கடலுக்குப் போனவை எல்லாரும் சுகமாய்த்தானே இருக்கினம்?”

“ஓமோம், ஒரு குறையுமில்லை,” என்றார் ஆழ்வாப்பிள்ளை, நிலத்தைப் பார்த்தபடி.

“சந்நிதியான் இருக்கேக்கை எங்களுக்கென்ன குறை தம்பி. போனவை வந்துகொண்டிருக்கினம்,” என்றாள் தங்கமுத்து.

மற்றவர்களும் தலையாட்டினார்கள். எல்லாருக்கும் முருகேசு வராதது தெரியும். அவள் மேல் உள்ள இரக்கத்தில்தான் அப்படித் தலையாட்டினார்கள். அருட்பிரகாசம் திரும்பித் துரைக்கு இங்கிலீஷில் சின்னதாக ஒன்று சொன்னார். ஒருவரும் காணாமல் போகவில்லை என்பதுதான் அது. துரை தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

லூர்த்தம்மா அன்றைக்கே கேட்டிருக்கிறார்: “விசரே உனக்கு? அவங்கடை கையிலை விசைப்படகு கிடக்குது. ஒரு வாத்தை சொல்லியிருந்தால் தேடியிருப்பாங்களெல்லே?”

“என்னெண்டக்கா சொல்லுறது? நானே என்ரை வாயாலை சொல்லி, அவருக்கு அங்கை ஒண்டு நடந்தால்?” என்றாளாம் சிவக்கொழுந்து.

பட்டாளத்தின் விசைப்படகு வந்து கரைக்கு நேரே இரண்டு நாள் சுற்றியது. ஆகாயத்திலிருந்து ஏதாவது விழுந்து கிடக்கிறதா என்று பார்த்தது. வானத்துச் சாமானைத் தேடுகிறவர்களுக்குத் தோணியைத் தேட வேண்டிய தேவை என்ன? தூர வெளிக்கு அது போகவில்லை. ஒன்றும் இல்லை என்று திரும்பிவிட்டது.

கடல் பூட்டியபடி கிடந்தது. சண்டைக்காலத்து அரிசி ஏற்கெனவே அளந்து தருகிற அரிசி. மீனும் இல்லையென்றால் கரையார் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? முதலில் காய்ந்த பனங்கிழங்கை இடித்து ஒடியல் கூழ் காய்ச்சினார்கள். பிறகு கூழுக்குள் போட ஒன்றும் இல்லாமல் போயிற்று. பிள்ளைகள் அழுதன. அதுவரை சிவக்கொழுந்தைக் கண்டால் “பிள்ளை, வந்திடுவான், யோசியாதை” என்று சொன்ன பெண்கள், கிணற்றடியில் அவளைக் கண்டதும் கதையை நிறுத்தினார்கள். ஒருத்தரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே கேட்பது எங்கள் ஊருக்கு நன்றாகத் தெரியும்.

துரை இரண்டாம் முறை வந்தபோது முகம் வேறாக இருந்தது. மடத்து முற்றத்தில் ஒரு தடியை எடுத்து மணலில் வளைவாக ஒரு கோடு கீறினான். கீறிக்கீறி விளக்கம் சொன்னான். அருட்பிரகாசம் அதைத் தமிழில் சொன்னார்.

“இது வானத்துச் சாமானில்லை எண்டு துரை சொல்லுறார். கடலுக்கு அங்காலை, எங்கடை கண்ணுக்கு எட்டாத தூரத்திலை ஒரு நெருப்பு எரிஞ்சிருக்கு. காத்தில்லாமல் கடல் குளுந்து, மேலை வெக்கை நிண்டால், கீழை கிடக்கிற வெளிச்சத்தை அது தூக்கி மேலை காட்டுமாம். நீட்டியும் காட்டுமாம், ரெண்டாயும் காட்டுமாம். அவர் வேறை கடல்களிலை கண்டிருக்கிறாராம்.”

வேல் என்று கும்பிட்டது நெருப்பாகிவிட்டது. ஆறு முகம் கண்டவர் மெல்லப் பின்னால் நழுவினார்.

“நெருப்பெண்டால் அது ரெண்டிலை ஒண்டாய்த்தான் இருக்க வேணும்,” என்று அருட்பிரகாசம் தொடர்ந்தார். “ஆபத்திலை நிண்ட தோணி ஒண்டு, ஆராவது காணட்டுமெண்டு பாயையும் கயிறையும் கொளுத்தியிருக்க வேணும். இல்லாட்டி எதிரியின்ரை கப்பல், இந்தக் கரையிலை நிக்கிற ஆருக்கோ சைகை காட்டியிருக்க வேணும். தோணி ஒண்டும் காணாமல் போகேல்லை எண்டு நீங்கள் சொல்லிப்போட்டியள். அப்ப இது மற்றதுதான். கடலை இனித் திறக்கேலாதாம். கரையிலை இருக்கிற குடிகளை உள்ளுக்கு எழுப்பிப்போட்டு, ஆம்பிளையளைக் கொண்டுபோய் விசாரிக்கப் போகினமாம்.”

“ஐயோ, எங்கடை ஆக்கள் அப்பிடியானவையில்லை, துரைக்குச் சொல்லுங்கோ,” என்று ஆழ்வாப்பிள்ளை கும்பிட்டார்.

“அவர் கேக்கிறது அதில்லை விதானையார். காணாமல் போன தோணி ஏதும் இருக்கோ எண்டுதான் திரும்பவும் கேக்கிறார்.” இந்த முறை அவர் கேள்வியை மெத்தென்று ஆக்கவில்லை.

மடத்தில் அவ்வளவு பேர் இருந்தார்கள். ஒருவரும் சிவக்கொழுந்தின் பக்கம் திரும்பவில்லை. ஒருவர் கூரையைப் பார்த்தார், ஒருவர் தன் பெருவிரலைப் பார்த்தார். அவள் தூணோடு நின்றாள். எல்லாரும் தன்னைப் பார்க்காமல் இருப்பதிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதைவிட இன்னொன்றும் விளங்கியது. அந்த மூன்று நாளும் புருஷன் தன்னைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றிருக்கிறான். பாயைக் கிழித்துக் கொளுத்தியிருக்கிறான். மூன்றாம் நாள் கொளுத்துவதற்கு அவனிடம் ஏதும் மிஞ்சியிருக்காது. கரை முழுக்கச் சனமும் வள்ளங்களும் இருக்க, தான் கைகூப்பிக் கும்பிட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

“என்ரை மனுசன் வரேல்லை,” என்றாள்.

“எடியே!” தங்கமுத்து பாய்ந்து வந்து மருமகளின் வாயைக் கையால் பொத்தினாள். சிவக்கொழுந்து அந்தக் கையை எடுத்துவிட்டாள்.

“போனவர் வரேல்லை. அவரைக் காணேல்லை. அந்த நெருப்பு அவரின்ரை நெருப்பு,” என்று உரத்துச் சொன்னாள்.

அருட்பிரகாசம் சொல்ல, துரை பெயரைக் கேட்டான். புருஷன் பெயரைப் பெண்சாதி சொல்வதில்லை; முருகேசு என்று விதானையார்தான் சொன்னார். என்றைக்குப் போனான், என்றைக்கு வந்திருக்க வேண்டும் என்றும் கேட்டறிந்தான். பிறகு சற்றுக் கோபமாக ஒன்றைக் கேட்டான். ஏன் முதலே சொல்லவில்லை என்பதாகத்தான் இருக்க வேண்டும். அருட்பிரகாசம் அதை அவளிடம் கேட்கவில்லை. தானே இங்கிலீஷில் நெடுநேரம் ஏதோ சொன்னார். துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

“இப்ப போய்ப் பாக்கச் சொல்லுங்கோ ஐயா,” என்றாள் சிவக்கொழுந்து. “அந்தத் திசை எனக்குத் தெரியும். நான் காட்டுறன். என்னையும் ஏத்திக்கொண்டு போகட்டும்.”

துரை கடலைப் பார்த்தான். கடைசி நெருப்பு எரிந்து இரண்டு கிழமை ஆகிவிட்டது. நீரோட்டம் எவ்வளவோ தூரம் இழுத்திருக்கும் என்றான். என்றாலும் விசைப்படகை அனுப்பினான், அவளை ஏற்றவில்லை. அது இரண்டு பகல் தேடிவிட்டு ஒரு பலகைத் துண்டுகூட இல்லாமல் வந்தது. இந்த வெளிச்சம் ஆபத்திலிருந்த தோணியின் நெருப்பு, விசாரணை முடிந்தது, ஒத்துழைத்ததற்கு நன்றி என்று விதானையாருக்குச் சொல்லியனுப்பினார்கள். பட்டாளத்துக்கு அது திருப்தியான முடிவு.

கடல் திறந்தது. அடுத்த நாளே வள்ளங்கள் இறங்கின. நன்றிக்கோ வெட்கத்துக்கோ தெரியாது, முதல் வலைப்பாட்டில் பிடித்த மீனில் ஒரு பங்கை அவள் வேலிப் படலையில் கொண்டுவந்து வைத்தார்கள். அவள் எடுக்கவில்லை. காகம் தின்றது.

தங்கமுத்து ஒழுங்கைக்கு இறங்கித் தலைவிரி கோலமாக நின்று கத்தினாள். “அவன் வந்துகொண்டிருந்தவனடா! என்ரை பிள்ளை வந்துகொண்டுதான் இருந்தவன். உவள்தான் வாயாலை மறிச்சுப்போட்டாள்!”

பெற்ற வயிறு. அவளை நான் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் ஊர் அதை நம்பியதே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. காய்ந்த வயிற்றோடு அவள் வாய் எப்போது திறக்கும் என்று காத்திருந்த ஊர், வயிறு நிறைந்ததும் அந்த வாய்க்குப் பயப்பட்டது. கரிநாக்கு என்றார்கள். உடல் கிடைக்காததால் அந்தியேட்டிச் சடங்கு செய்யலாமா கூடாதா என்று பெரியவர்கள் தீர்மானிக்கவே இல்லை. பொட்டு வைத்தால் வெட்கம் கெட்டவள். வைக்காவிட்டால் புருஷனைச் சாகக் கொடுத்தவள். அவள் பொட்டை விட்டாள், தாலியைக் கழற்றவில்லை. கூலிக்கு மிளகாய் இடித்தும் கிடுகு பின்னியும், தன்னைத் திட்டிக்கொண்டிருந்த மாமியாருக்குக் கடைசிவரை கஞ்சி வைத்துக் கொடுத்தாள். சிரிப்பு அதோடு நின்றுவிட்டது.

சண்டை முடிந்து இரண்டு மூன்று வருஷம் போயிருக்கும். ஒரு கார்த்திகையில் இளையதம்பி என்பவரின் வள்ளம் புயலில் அகப்பட்டது. போன ஆட்கள் திரும்பவில்லை. காங்கேசன்துறைத் துறைமுகத்தில் போய் அறிவித்தால் தேடப் படகு அனுப்புவார்கள். ஆனால் யார் போய் அந்தச் சொல்லைச் சொல்வது? பெண்சாதி செல்வநாயகி நிறைமாதக் கர்ப்பிணி. அவள் சொல்லமாட்டாள். அவளுக்காகப் பிறரும் சொல்லமாட்டார்கள். எல்லாரும் ‘வந்துகொண்டிருக்கினம்’ என்றார்கள்.

அடுத்த நாள் செல்வநாயகி தன் தாயையும் கூட்டிக்கொண்டு வந்து சிவக்கொழுந்தின் படலைக்கு வெளியே நின்றாள். வாய் திறக்கவில்லை; உள்ளே வரவும் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். மிளகாய் இடித்துக்கொண்டிருந்த சிவக்கொழுந்து உலக்கையைச் சாத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். கையைக் கழுவிச் சேலையை மாற்றிக்கொண்டு, மழையோடு மழையாக பஸ் ஏறினாள். காங்கேசன்துறையில் போய் நின்று, “எங்கடை ஊர் இளையதம்பி வரேல்லை. அவரைக் காணேல்லை” என்று சொன்னாள். படகு போயிற்று. கவிழ்ந்த வள்ளத்தின்மேல் கிடந்தவர்களைக் கண்டு உயிரோடு ஏற்றி வந்தார்கள்.

இளையதம்பி என் தகப்பனார். செல்வநாயகி என் தாய். அந்த வயிற்றில் இருந்தது நான்.

பிறகு இதுவே வழக்கமாகிவிட்டது. எந்த வீட்டில் ஆண் பிந்தினாலும் அந்த வீட்டுப் பெண் வந்து அந்தப் படலையில் பேசாமல் நிற்பாள். சிவக்கொழுந்து எழும்பிப் போய், அந்த வீட்டுக்காக அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு வருவாள். அவளுக்கு இனிக் கெடுவதற்கு என்ன இருக்கிறது என்பது ஊரின் கணக்கு. ஆள் வராவிட்டால், அவள் சொன்னதால்தான் வரவில்லை. வந்தால், அந்த வாயிலிருந்து தப்பி வந்தான். எப்படியும் பழி அவளுக்குத்தான்.

அப்பா பிழைத்து வந்ததற்குச் சந்நிதியில் பொங்கினார்கள். ஊர் முழுக்க வந்தது. அவளை அழைக்கவில்லை. அப்பா கேட்டதற்கு, “அவளின்ரை வாயிலை விழுந்து எழும்பினது போதும். பிள்ளை பிறக்கிற வீட்டிலை அவளின்ரை கதை வேண்டாம்,” என்று அம்மா சொல்லிவிட்டாள். அம்மாவை எனக்குப் பிடிக்கும். அவள் செத்தபோது நான் அழுதேன். ஆனால் இதை மட்டும் நான் அவளுக்கு மன்னிக்கவில்லை.

அப்பா ஒரு பித்தளைக் கிண்ணத்தில் பொங்கலை எடுத்துக்கொண்டு தானே போனார். படலையைத் திறக்கக் கை வைத்தவரை, முற்றத்தில் நின்றவள் கையால் மறித்தாள்.

“உள்ளுக்கு வராதையுங்கோ. உங்கடை பெஞ்சாதி பயப்பிடுவா. வேலியடியிலை வைச்சிட்டுப் போங்கோ, நான் எடுக்கிறன்.”

“நீங்கள் இல்லாட்டி நான் இண்டைக்கு இல்லை அக்கா,” என்றார் அப்பா.

“அப்பிடிச் சொல்லாதையுங்கோ. அண்டைக்கு முதல் தரம் கேக்கேக்கை என்ரை வாயை ஒருத்தரும் கட்டாமல் விட்டிருந்தால்...” என்றாள். பிறகு, “இன்னொருக்கால் பிந்தினாலும் அவவை வந்து நிக்கச் சொல்லுங்கோ. நான் போறன்,” என்றாள்.

மறுநாள் கிண்ணம் புளி போட்டு மினுக்கி எங்கள் வேலியடியில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அம்மா அதை வீட்டுக்குள் எடுக்கவில்லை.